மூன்றாவது போதும்

கோவில்பட்டியில் பாண்டியராஜனிடம் "ஒண்ணும் அவசரமில்ல அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் அத்தனை பேரும் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவசரமில்லை என்றால் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று அர்த்தம். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாண்டியராஜனுக்குத் தெரியாது. அவசரமில்லை என்றார்களே என்று கல்யாணப் பத்திரிகையைப் பத்து நாள் கழித்து அச்சுக்கு அனுப்புவான். சண்டைக்கு வந்தால், "நீங்கதான அவசரமில்லன்னு சொன்னீங்க?" என்று கேட்பான். கேட்பதில் கிண்டல் ஒரு துளியும் இருக்காது. வந்தவர்களுக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவனுடைய கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், தீப்பெட்டி லேபிள் எல்லாம் அங்கே தயாராகும். டிப்ளமா படித்தவன், விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைத் தானாகவே புத்தகம் வைத்துக் கற்றவன். கம்ப்யூட்டரோடு அவனுக்கு ஒத்துப்போனதற்கு ஒரே காரணம், அது சொன்னால் சொன்னதுதான். மனிதர்களும் அப்படித்தான் என்று முப்பத்தெட்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி முத்துச்செல்வி பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணமான வருஷத்திலிருந்து சென்டரில் டைப் அடிப்பவள் அவள்தான். அவளுக்கு ஜப்பானிய மொழி வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் நடந்தது அதுதான்.

2003-இல் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை, வைத்திருந்த ராஜமணி அண்ணாச்சி, டஜன் டஜனாகத் தீப்பெட்டியை அடுக்கித் தாள் சுற்றி ஒட்டும் மெஷின் ஒன்றை வாங்கினார். ஜப்பானில் யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட பழைய மெஷின். அது வந்த முதல் வாரம் தீப்பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒட்டியது. கூட வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. அண்ணாச்சி அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் பாண்டியராஜனிடம் வந்தார்.

"கம்ப்யூட்டர்ல போட்டு என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா."

"கம்ப்யூட்டருக்கு இது தெரியாது அண்ணாச்சி."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாத பாஷை எப்படிப்பா இருக்கும்? கம்ப்யூட்டரையே அவிய நாட்டுலதான செய்யுதாவ?"

பாண்டியராஜன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். முத்துச்செல்வி புத்தகத்தை வாங்கி நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றாள்.

மதுரையிலிருந்து ஓர் அகராதி வரவழைத்தாள். ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை கோடு என்று எண்ணி, அகராதியில் தேடி, ஆறு வாரம் உட்கார்ந்தாள். ஏழாவது வாரம் நாற்பத்தோராம் பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்த ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டாள். இந்த மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதே என்று இருந்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று அந்த மூடியை முதல் நாளே கழற்றிப் பரணில் போட்டிருந்தார்கள். எடுத்து மாட்டினார்கள். மெஷின் ஓடியது. அண்ணாச்சி மகிழ்ச்சியில் ஒரு பண்டல் தீப்பெட்டி அனுப்பிவைத்தார். அது அந்த வீட்டில் இரண்டு வருஷம் தீரவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். முத்துச்செல்வியால் விட முடியவில்லை. அந்த மொழி அவளுக்குத் தெரிந்த மொழிபோலவே நடந்துகொண்டது. தமிழில் 'எழுதிப் பார்' என்பது போல அங்கேயும் எழுதி, பார். 'எழுதி வை' என்பது போல அங்கேயும் எழுதி, வை. வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கும். "இவிய நம்ம பக்கத்து ஆளுங்க மாதிரில்லா பேசுதாவ" என்று சிரிப்பாள். ஆனால் கொடுக்கல் வாங்கல் வந்தால் மட்டும் தடுமாறுவாள். நான் ஒருவருக்குச் செய்து கொடுத்தால் ஒரு சொல், எனக்கு ஒருவர் செய்து கொடுத்தால் வேறொரு சொல், நான் கேட்டுச் செய்து வாங்கிக்கொண்டால் மூன்றாவதாக ஒரு சொல். அந்த மூன்றும் அவளுக்குள் இடம் மாறிக்கொண்டே இருந்தன.

பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி, இப்படிப்பட்ட மெஷின் புத்தகங்களை மொழிபெயர்க்க ஆள் எடுக்கிறது. ஜப்பானிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலை தேறியிருக்க வேண்டும். தேர்வு எழுதும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. ஆறு மாதம் சென்னையில் பயிற்சி, பிறகு வீட்டிலிருந்தே வேலை. முத்துச்செல்விக்கு அப்போது முப்பத்து மூன்று. தேர்வு வருஷத்துக்கு ஒரே தடவை, டிசம்பரில். அவள் அந்த விளம்பரத்தைக் கத்தரித்து மானிட்டருக்குப் பின்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் ஒட்டி வைத்தாள். பாண்டியராஜன் தூசி தட்டும்போது பார்த்தான்.

அவனுக்குப் பொண்டாட்டியிடம் கொஞ்சிப் பேசத் தெரியாது. புரோகிராம் எழுதத் தெரியும். எழுதினான்.

'ஞாபகம்' என்று பெயர் வைத்தான். இன்டர்நெட்டில் எங்கோ படித்த முறை. தெரிந்ததைத் தள்ளித் தள்ளிக் கேட்க வேண்டும், தெரியாததை நாளைக்கே கேட்க வேண்டும். திரையில் ஒரு ஜப்பானிய வாக்கியம் வரும். மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டு, விடையைத் திறந்து பார்த்துவிட்டு, 'தெரியும்' அல்லது 'தெரியாது' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். தெரியும் என்றால் அந்த வாக்கியம் மூன்று நாள் கழித்து வரும். அப்போதும் தெரியும் என்றால் ஒரு வாரம், அப்புறம் பதினைந்து நாள், அப்புறம் ஒரு மாதம். தெரியாது என்றால் மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நிற்கும். இருநூற்றுப் பன்னிரண்டு இலக்கணம், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாக்கியம். முத்துச்செல்வி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைக்கு ஆள் வராத நேரத்தில் அதன் முன்னால் உட்காருவாள்.

ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. புரோகிராமைத் திறந்தவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, அடுத்த பாடம் ஒன்பதாயிரத்து இருநூத்தி அறுபத்தி மூணு நாள் கழிச்சின்னு சொல்லுது."

கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்துப்போய், அது தன்னை 1980-ஆம் வருஷத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. பாண்டியராஜன் கணக்குப் போட்டுப் பார்த்தான். சரியாகத்தான் சொல்லியிருந்தது. அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பேட்டரியை மாற்றினான், இனிமேல் கடிகாரத்தை நம்பாமல் நாளைத் தானே எண்ணிக்கொள்ளும்படி புரோகிராமையும் திருத்தினான். அது ஞாபகம் 1.1.

2005 டிசம்பரில் முத்துச்செல்வி சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் ஞாபகம் காட்டிய கணக்கு: இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பன்னிரண்டும் தெரியும். மார்ச்சில் முடிவு வந்தது. நானூற்றுக்கு இருநூற்று இருபத்தொன்று. இருநூற்று நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி.

அவள் அழவில்லை. "சரி, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றாள். அடுத்த டிசம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருக்கும். அதற்கு அடுத்த டிசம்பர் கணக்கில் வராது. ஆக இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

பாண்டியராஜனுக்கு முதலில் தோன்றியது, ஜப்பானில் பேப்பர் திருத்தியவர் தப்பாகக் கூட்டிவிட்டார் என்பது. தன் புரோகிராம் பொய் சொல்லாது. இரண்டு நாள் அப்படி நம்பினான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று சீர்திருத்தத்தில் இறங்கினான். 1.2-இல் எழுத்தைப் பெரிதாக்கினான், பின்னணிக்குப் பச்சை கொடுத்தான். 1.3-இல் இடைவெளிகளைக் குறைத்தான். 1.4-இல் பத்து வாக்கியத்துக்கு ஒருமுறை கோயில் மணி அடித்தது. பக்கத்துக் கடைக்காரர் வந்து இங்கே என்ன பூஜை என்று கேட்டதால் அதை எடுத்துவிட்டான். முத்துச்செல்வி ஒவ்வொன்றையும் "நல்லா இருக்கு" என்றாள். நல்லா இருக்கு என்று அவனும் நம்பினான். ஞாபகம் மறுபடியும் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

வைகாசியில் நாகலாபுரத்தில் ஒரு கல்யாணம். முத்துச்செல்வியின் சித்தப்பா மகளுக்கு. அவளுடைய அண்ணன் சாமித்துரைதான் பந்திக்குப் பொறுப்பு. ஆள் குறைகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த வரிசைக்குப் பாண்டியராஜன் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டான். நாற்பது இலை.

பாண்டியராஜன் அதுவரை பந்தி பரிமாறியதில்லை. ஆனாலும் முறையாகச் செய்தான். ஒரு கரண்டி விட்டான், வரிசை முடிந்து திரும்பி வந்தான், ஒவ்வொரு இலை முன்னாலும் நின்று "சாம்பார் விடட்டுமா?" என்று கேட்டான். "போதும் போதும்" என்றார்கள். "சரி" என்று அடுத்த இலைக்குப் போனான். கூட வந்தவனிடமிருந்து பாயச வாளியையும் வாங்கிக்கொண்டு அதற்கும் ஒரு நடை போனான். அதற்கும் போதும் என்றார்கள். கால் மணி நேரத்தில் வரிசை முடிந்தது. வாளிகள் முக்கால்வாசி நிறைந்தபடியே சமையற்கட்டுக்குத் திரும்பின. சிக்கனமாகவும் வேகமாகவும் ஒரு வேலையை முடித்த திருப்தியோடு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கை கழுவுகிற இடத்தில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா தங்கச்சாமி, கழுவாத கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாளியக் காமிச்சிட்டுப் போறதுக்கா எங்கள இம்புட்டுத் தூரம் வரச் சொன்னீக? வரிசையோட பட்டினியா எந்திரிச்சிருக்கோம். நாப்பது பேரும் விளாத்திகுளம் போய்ப் புரோட்டாக் கடையில உக்காந்தா அசிங்கம் யாருக்கு?"

பாண்டியராஜன் முன்னால் வந்தான். "நான் கேட்டனே அண்ணாச்சி. நீங்கதான போதும்னு சொன்னீங்க?"

"கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாவ? ஊத்து ஊத்துன்னு இலைய நீட்டுவாவளா? நாங்க என்ன சோத்துக்கு அலையுத ஆளுங்களா?"

"அப்ப வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தங்கச்சாமி திரும்பிச் சாமித்துரையைப் பார்த்தார். சாமித்துரை தங்கை புருஷனைத் தனியே இழுத்தான்.

"மாப்ள, எத்தனை தரம் கேட்டீக?"

"ஒரு தரம்."

"ஒரு தரமா?" சாமித்துரை தலையில் அடித்துக்கொண்டான். "மொதத் தரம் யாருன்னாலும் போதும்பாவ. ரெண்டாவது தரமும் போதும்பாவ, ஆனா கைய நீட்டி மறைக்க மாட்டாவ. மூணாவது கேட்டும் போதும்னு கைய இலைக்குக் குறுக்க வச்சாத்தான் நெசமாவே போதும். இது தெரியாம எப்படி மாப்ள இத்தன வருசம் விருந்துக்குப் போனீக?"

பாண்டியராஜன் யோசித்தான். எந்த விருந்திலும் முதல் தரம் கேட்டபோதே அவன் "வைங்க" என்று சொல்லிவிடுவான்.

காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வரிசையை மறுபடி உட்காரவைத்து, புது இலை போட்டார்கள். இந்த முறையும் பாண்டியராஜனே வாளி தூக்கினான். முன்னால் பரிமாறியவர் கையாலேயே போட்டால்தான் சாப்பிடுவேன் என்று தங்கச்சாமி சொல்லிவிட்டார். மூன்று தரம் கேட்டான். எண்ணிக்கொண்டே போனான், அது அவன் பழக்கம். முதல் தரம் நாற்பது பேரும் போதும் என்றார்கள். இரண்டாவது கேட்டபோது பதினாறு பேர் பேசாமல் இருந்தார்கள், ஊற்றினான். மூன்றாவது கேட்டபோது இன்னும் பதினைந்து பேர் "சரி, உங்களுக்காகக் கொஞ்சம்" என்றார்கள். கையைக் குறுக்கே வைத்தவர்கள் ஒன்பதே பேர். வாளி காலி. நாற்பது போதுமில் முப்பத்தொன்று போதுமே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தான். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்ததால் செருப்பில் கரிசல் மண் அப்பிக் காலே கனத்துப் போயிருந்தது. முத்துச்செல்வி, திட்டு வாங்கியதில் வருத்தம் போலும் என்று நினைத்து ஒன்றும் கேட்கவில்லை. அவன் வேறு ஒரு வரிசையை எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் சென்டரைத் திறந்ததும் ஞாபகத்தின் உள்ளே போய், எந்தப் பொத்தான் எத்தனை தடவை அமுக்கப்பட்டது என்று பார்த்தான். ஒன்றரை வருஷத்தில் 'தெரியும்' பதினோராயிரத்துச் சொச்சம். 'தெரியாது' பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை முன்பே அவன் பார்த்திருக்கிறான். என்ன மூளை இவளுக்கு என்று அப்போது வியந்துவிட்டு மூடிவிட்டான்.

"செல்வி, ஒரு தடவகூட நீ தெரியாதுன்னு அமுக்கலயா?"

முத்துச்செல்வி லேபிள் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியை நிறுத்தினாள்.

"எப்படிங்க அமுக்க? நீங்க மெனக்கெட்டு உக்காந்து செஞ்சது. தெரியாதுன்னு அமுக்குனா நீங்க செஞ்சது சரியில்லன்னு சொன்ன மாதிரி ஆவாதா?"

"நான் பக்கத்துலயே இல்லயே. கம்ப்யூட்டர்தான கேக்குது?"

"யார் கேட்டா என்ன? மூஞ்சிக்கு நேரா தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னா சொல்லுவாவ?"

பாண்டியராஜனுக்குக் கோபம் வரவில்லை. தன்மீதுதான் வெட்கமாக இருந்தது. ஊரில் இருக்கிற ஒரு மனுஷியால் அமுக்க முடியாத ஒரு பொத்தானைச் செய்து, அதற்குச் சிவப்பு வண்ணம் வேறு அடித்து வைத்திருக்கிறோம்.

அன்று மத்தியானம் அவன் வீட்டில் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு ஆச்சு."

பதினோரு வருஷமாக இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறான். இன்று சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சாப்பிட்டியா?"

"அதான் ஆச்சுங்கேன்ல."

"செல்வி, சாப்பிட்டியா?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சோறு கொஞ்சம்தான் கிடந்துச்சு. ஐஸ்வர்யா பள்ளிக்கூடத்துலருந்து பசியோட வருவா, அவளுக்கு எடுத்து வச்சிட்டேன். எனக்கு ஒரு காப்பி போதும்."

ஐஸ்வர்யா அவர்களுடைய மகள், அப்போது பத்து வயது. பாண்டியராஜன் வெளியே போய் நாலு இட்லி வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். அவள் நாலையும் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். பதினோரு வருஷத்தில் எத்தனை மத்தியானம் என்று பெருக்க ஆரம்பித்து, விடை வருவதற்கு முன்னால் நிறுத்திக்கொண்டான்.

ஞாபகம் 2.0 செய்ய மூன்று வாரம் ஆனது. 'தெரியும்', 'தெரியாது' இரண்டையும் பிடுங்கி எறிந்தான். அந்த இடத்தில் 'போதும்', 'கொஞ்சம் வை' என்று இரண்டு பொத்தான். ஒரு வாக்கியம் வரும். போதும் என்றால் புரோகிராம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. அதே இலக்கணத்தில் இன்னொரு வாக்கியத்தை எடுத்து வைக்கும். அதற்கும் போதும் என்றால் மூன்றாவதாக ஒன்று. மூன்றாவது போதுமை மட்டும் நம்பி, அந்த இலக்கணத்தைத் தள்ளிப் போடும். நடுவில் எப்போது 'கொஞ்சம் வை' என்றாலும், விளக்கத்தோடு நாலு வாக்கியம் பரிமாறிவிட்டு மறுநாளும் வந்து நிற்கும். யாரும் யாரையும் தெரியுமா என்று கேட்பதில்லை.

முத்துச்செல்வி உட்கார்ந்து பார்த்தாள். முதல் வாக்கியத்துக்குப் போதும் என்று அமுக்கினாள். இரண்டாவது வந்தது. சிரித்துவிட்டாள்.

"இது என்ன, எங்க அண்ணன் மாதிரி விடாமப் பரிமாறுது?"

"பிடிக்கலன்னா மாத்திருதேன்."

"மாத்தாதீங்க." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஜப்பான்காரவியளும் இப்படித்தானாம். விருந்துக்குப் போனா மொதல்ல வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுவாவளாம். புத்தகத்துல போட்டிருக்கு."

முதல் வாரக் கணக்கு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டில் அவள் மூன்று தரமும் போதும் என்றது நூற்றுப் பதினாறுக்கு மட்டும். மீதித் தொண்ணூற்றாறில் கொஞ்சம் வை, கொஞ்சம் வை என்று கேட்டிருந்தாள். கொடுக்கல் வாங்கல் மூன்றும் அதற்குள்தான் இருந்தன. பாண்டியராஜன் அந்தத் தொண்ணூற்றாறைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பொண்டாட்டிக்குத் தெரியாதவற்றின் பட்டியல் முதல் தடவையாக அவன் கையில் கிடைத்திருந்தது.

டிசம்பர் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அதற்கு முந்தின வாரம் தொண்ணூற்றாறு ஏழாக இறங்கியிருந்தது. அந்த ஏழு இலக்கணத்தையும் அவள் ஒரு துண்டுத்தாளில் எழுதி ரயிலில் பார்த்துக்கொண்டே போனாள். பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. நானூற்றுக்கு இருநூற்று எண்பத்து நான்கு. ராஜமணி அண்ணாச்சி இன்னொரு பண்டல் தீப்பெட்டி அனுப்பினார்.

கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். மார்ச் கடைசியில் பதில் வந்தது. ஜூன் முதல் தேதி பயிற்சியில் சேர வேண்டும், ஆறு மாதம், பெண்கள் விடுதி அவர்களே ஏற்பாடு செய்வார்கள், ஏப்ரல் பதினைந்துக்குள் சம்மதம் எழுத வேண்டும். அவள் இரண்டு தரம் படித்துவிட்டு, மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்தாள்.

"போறியா?" என்று பாண்டியராஜன் கேட்டான்.

"வேண்டாங்க. ஐஸ்வர்யா ஆறாப்பு போறா. யாரு பாத்துக்கிடுவா?"

அப்பாடா என்று இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் அடுப்புக்கு முன்னால் யார் நிற்பது, சென்டரில் யார் டைப் அடிப்பது, முக்கியமாக அந்த இரண்டாவது நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பது. கேட்டாயிற்று, அவளே வேண்டாம் என்றுவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். பழைய பாண்டியராஜனாக இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்து, அவனும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மூன்று நாள் கழித்துச் சாப்பிடும்போது இரண்டாவது தரம் கேட்டான். குரலை இறக்கி, காதில் விழாவிட்டால் நல்லது என்பது போலத்தான் கேட்டான்.

"செல்வி, சென்னைக்குப் போறியா?"

"அதான் வேண்டாம்னேன்ல. உங்களுக்கு ஒரு சோறு பொங்கத் தெரியுமா?"

ஆனால் இந்தத் தடவை அவள் கை, கடிதம் இருந்த பக்கம் போய்த் திரும்பியது. கடிதம் இப்போது கீபோர்டுக்கு அடியில் இல்லை, அவளுடைய பையில் இருந்தது. பாண்டியராஜன் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

மூன்றாவது தரம் கேட்க அவனுக்கு ஒன்பது நாள் பிடித்தது. நாகலாபுரத்தில் நாற்பது இலைக்கு மும்மூன்று தரம் கேட்ட வாய், இந்த ஒரு கேள்விக்கு வரவில்லை. ஏப்ரல் பதினைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்காமல் விட்டால் தேதி தானாகப் போய்விடும். யாரும் அவனைக் குறை சொல்லப் போவதில்லை. அவளும் சொல்ல மாட்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்பதுதான் அவனை உறுத்தியது.

பன்னிரண்டாம் தேதி மத்தியானம், அவள் ஞாபகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது கேட்டான். தேர்வெல்லாம் முடிந்தும் அவள் அதைத் தினமும் திறந்துகொண்டுதான் இருந்தாள்.

"செல்வி. சென்னைக்குப் போறியா?"

அவள் திரும்பவில்லை. திரையில் ஏதோ வாக்கியம் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"போகணும்," என்றாள். "ரொம்ப ஆசையா இருக்கு."

அப்புறம் அழுதாள். தேர்வில் தோற்றபோது அழாதவள். பாண்டியராஜனுக்குப் பயமாகவும் இருந்தது, நல்லவேளை கேட்டோம் என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் என்ன செய்வதென்று தெரியாமல் ஜெராக்ஸ் மெஷினை ஆன் செய்து, கடிதத்தை வாங்கி இரண்டு பிரதி எடுத்தான்.

மே முப்பத்தொன்றாம் தேதி அவள் ரயிலேறினாள். கடம்பூர் போளி வாங்கிக் கொடுத்தனுப்பினான். வேண்டாம் என்று அவள் ஒரு தரம்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சென்டருக்குப் போன் வந்தது. எஸ்டிடி பூத்திலிருந்து பேசினாள்.

"சாப்பிட்டீங்களா?"

மூன்று தரம் கேட்கவைத்து எஸ்டிடி காசை எதற்கு வீணாக்குவது என்று பாண்டியராஜன் நேராக மூன்றாவது பதிலையே சொன்னான்.

"இல்ல. பாப்பாவுக்குப் புரோட்டா வாங்கிக் குடுத்தேன். எனக்கு எறங்கல. நீ இல்லாம வீடு நல்லாவே இல்ல, செல்வி."

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது.

"நான் வந்திரட்டுமா?"

"வேண்டாம்."

"ஏங்க, வந்திரட்டுமா?"

"வேண்டாம் செல்வி."

அவள் மூச்சு விடுவது போனில் கேட்டது. அடுத்து என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். பதிலாக எது வாயில் வந்து நிற்கிறது என்பதும் தெரியும். கூப்பிட்டால் நாளைக் காலையில் வீட்டில் இருப்பாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் "அவசரமில்ல அண்ணாச்சி" என்று சொல்லி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் வந்திரட்டுமா?" என்று மூன்றாவது தரம் கேட்டாள்.

பாண்டியராஜன் கையை மேஜைமேல் குறுக்கே வைத்துக்கொண்டான். "வேண்டாம்," என்றான். "படிச்சி முடிச்சிட்டு வா."

"சரி" என்று அவள் போனை வைத்தாள். அவன் வாசலில் நின்றவருக்கு உடனே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனான்.